ஐந்து மணிக்குத் தூங்கும் அவரை

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவள் முப்பதக்கா. எதைப் பற்றி வாயைத் திறந்தாலும் "முப்பது வருஷமா மண்ணைக் கிண்டினவ நான்" என்றுதான் ஆரம்பிப்பாள். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, முப்பது வருஷம். பக்கத்து நிலத்தில் நாற்று வாடுகிறதா, முப்பது வருஷம். பஸ் தாமதமாக வந்தால்கூட அந்த முப்பது வருஷத்திலிருந்து ஓர் உதாரணத்தைத் தேடி எடுத்துவிடுவாள். கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து நிலத்தில் மிளகாய் போட்டிருந்தவர் ஒருநாள் "முப்பதக்கா!" என்று கூப்பிட்டார். அவளும் "என்ன?" என்று திரும்பிவிட்டாள். அன்றோடு பேர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் அளந்துவிடவில்லை. பதினைந்து வயதில் அப்பாவின் பின்னால் வரப்பில் இறங்கியவள், நாற்பத்தைந்து வயது வரை இரண்டு ஏக்கரைத் தன் கைக்குள் வைத்திருந்தாள். கட்டிக்கொண்டவர் தையல்காரர். கடைத்தெருவில் மெஷின் போட்டு உட்கார்ந்தவர். சேற்றில் கால் வைக்கச் சொன்னால் முதலில் தன் செருப்பைத்தான் பார்ப்பார். "நீ வயிறைப் பாத்துக்க, நான் ஊர் மானத்தைப் பாத்துக்கறேன்" என்பார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தின் நடுவில் சண்டை வந்தது. எங்கோ உட்கார்ந்து யாரோ வரைபடத்தில் கிழித்த கோடு அவள் வயலின் குறுக்கே போயிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துப்பாக்கி, அந்தப் பக்கம் ஒரு துப்பாக்கி. நடுவில் நின்று களை பறிக்க முடியுமா? கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு, கையில் அகப்பட்ட பையோடு கிளம்பினாள். முகாமில் நாலு வருஷம். பிறகு இந்த ஊர், ஏழு வருஷம். ஊர்ப் பேச்சு வந்துவிட்டது, எழுத்துதான் வரவில்லை.

வேலை ஆஸ்பத்திரிச் சமையலறையில். காலை ஆறு மணிக்குப் போனால், நோயாளிகள் சாப்பிட்ட தட்டுகள் மெஷினில் ஓடும் பட்டையில் ஏறி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எச்சிலைத் தட்டி, தண்ணீர் பீய்ச்சி, மெஷினுக்குள் அடுக்க வேண்டும். மதியம் இரண்டுக்கு முடியும். வீடு ஐந்தாம் மாடி. தையல்காரருக்கோ வேலையே இல்லை. கிழிந்தால் தூக்கிப் போடுகிற ஊரில் தையலுக்கு என்ன மதிப்பு? பழைய மெஷின் ஒன்றை வாங்கி மூலையில் வைத்தார். கொஞ்ச நாளில் அதன்மேல் டிவி ரிமோட் குடியேறியது.

ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்து, மகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "பாரு, சோப்புத் தண்ணியில ஊறி ஊறி வெளுத்துப் போச்சு. இது என் கையே இல்லடி. எனக்கு ஒரு முழம் நிலமாவது வேணும். இல்லேன்னா பைத்தியம் பிடிச்சிடும்." சொன்னவள் அழவில்லை, கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் மகள் பயந்துவிட்டாள்.

மகள்தான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். ஊர் எல்லையில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைக் கால் ஏக்கர் கால் ஏக்கராகப் பிரித்து, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அகதிகளுக்கும் கொடுக்கிறார்களாம். தண்ணீர் உண்டு, பொதுக் கொட்டகை உண்டு, கருவிகள் உண்டு. விளைந்ததைச் சனிக்கிழமைச் சந்தையில் விற்கலாம். சந்தைக்கு இரண்டே பஸ். நகரத்துக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுப்பதன் நோக்கமே அதுதான்.

விண்ணப்பத்தை மகள் வாசித்துக் காட்டினாள். மேலே பெரிய எழுத்தில் 'புது விவசாயிகளுக்கான திட்டம்' என்று இருந்தது.

"யாரு புதுசு? நானா?" என்று இவள் பாய்ந்தாள்.

"அம்மா, இந்த ஊர்ல நீ ஒரு செடியாவது வெச்சிருக்கியா?"

"முப்பது வருஷம்டி!"

"அதை அங்க போய்ச் சொல்லிக்கோ. இங்க கையெழுத்துப் போடு. அப்படிச் சொன்னாத்தான் நிலம்."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். நிலமும் கிடைத்தது, கொட்டகையை ஒட்டின துண்டு. கூடவே ஒரு விதியும் வந்தது. முதல் வருஷம் சந்தை மூடுவதற்குள், குறைந்தது நாலு சனிக்கிழமையாவது தன் நிலத்தில் தான் விளைவித்ததை மேஜையில் வைத்து விற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் நிலம் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். "நாலு வாரம்தானே? நாற்பது வாரம் விக்கறேன்" என்றாள் இவள்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கொட்டகையில் வகுப்பு. நடத்துகிற பெண்ணுக்கு மகளைவிட இரண்டு வயது குறைவு. விவசாயம் படித்தவள். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். முதல் வகுப்பில் விதையை எத்தனை ஆழத்தில் போட வேண்டும் என்று டீச்சர் விரலை வைத்துக் காட்டினபோது முப்பதக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து கடைசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலை எழுந்து தட்டு கழுவின உடம்பு. டீச்சர் பேச ஆரம்பித்தால் இவள் தலை ஆட ஆரம்பிக்கும். மிளகாய்க்காரர் முழங்கையால் இடிப்பார். "எல்லாம் தெரிஞ்சதுதான், விடுங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வாள்.

என்ன போடுவது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் நாட்டுக்காரர்கள் வாங்கும் மளிகைக்கடையில், ஐஸ் பெட்டிக்குள் அவரைக்காய் கல்லு மாதிரி உறைந்து கிடக்கும். அதையும் சண்டை போட்டு வாங்கிப் போவார்கள். அன்று பறித்த அவரையைக் கண்ணில் காட்டினால் விடுவார்களா? கணக்கு சரியான கணக்குதான். கடைக்காரரிடம் சொல்லி விதையை வரவழைத்து, கால் ஏக்கர் முழுக்க அவரை. ஓரத்தில் நாலு வெண்டைக்குக்கூட இடம் விடவில்லை.

டீச்சர் வந்து பார்த்தாள். "அம்மா, ஒரே பயிரா போடாதீங்க. கொஞ்சம் கீரை, கொஞ்சம் முள்ளங்கின்னு கலந்து போட்டா ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். அதுவும் அவரை இந்த ஊர்ல..."

"டீச்சர், அவரையை விதைச்சிட்டு மறந்துட்டாக்கூட காய்க்கும். முப்பது வருஷமா பாத்தவ நான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளிடம் அந்தப் பெண் என்ன பேசுவாள்? வாக்கியத்தை முடிக்காமலே போய்விட்டாள்.

கொடி வந்தது பாருங்கள், அடேயப்பா! குச்சி நட்டு, கயிறு கட்டி, தோள் உயரத்துக்குப் பந்தல் வரிசை போட்டிருந்தாள். ஒரே மாதத்தில் கயிறு தெரியவில்லை, குச்சி தெரியவில்லை, இலை மட்டும்தான். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மிளகாய்க்காரரின் செடி முழங்கால் உயரத்தில் நோஞ்சானாக நின்றது. "கவலைப்படாதீங்க தம்பி, நான் இருக்கேன், சொல்லித் தரேன்" என்று அவருக்கு ஆறுதல் வேறு.

நோஞ்சான் செடி பூத்தது, காய்த்தது, பழுத்தது. அவர் சந்தைக்குக் கூடை கூடையாகக் கொண்டுபோனார். அவரைக் கொடி பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு பூ இல்லை.

முதலில் அவள் அசரவில்லை. தண்ணீரை நிறுத்திக் கொடியைக் காயப்போட்டாள். வாடினால் பயந்து பூக்கும் என்பது அவள் அனுபவம். கொடி வாடியது, பூக்கவில்லை. நுனியைக் கிள்ளினாள். ஒன்று கிள்ளின இடத்தில் மூன்று கிளைத்தது, மூன்றிலும் இலை. ஒன்றுவிட்டு ஒன்று வேரோரம் மண்ணைக் கொத்திப் பார்த்தாள். ஊகூம். சனிக்கிழமைச் சந்தைக்கு வெறுங்கையோடு போய் மிளகாய்க்காரரின் மேஜைக்குப் பக்கத்தில் நிற்பாள். மளிகைக்கடைக்காரர் வந்து, "என்னம்மா, அவரை அவரைன்னீங்க?" என்று கேட்பார். "வருது வருது" என்பாள். பத்து சனிக்கிழமை இப்படிப் போயிற்று. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

"அக்கா, என் மிளகாய்ல ரெண்டு கூடை எடுத்து உங்க மேஜையில வெச்சுக்குங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் மிளகாய்க்காரர், நல்ல மனசோடு.

"மிளகாய்க்குத் தெரியும். சும்மா இருங்க" என்றாள் அவள்.

வீட்டில் தையல்காரர் முதலில் கேலி செய்தார். "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவனே எவ்வளவோ மேல். உன் கொடி வானம் ஏறியும் காய் பிடிக்கலையே" என்றார். பிறகு கேலியை நிறுத்திவிட்டார். அவர் கேலியை நிறுத்தினால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். அவளும் முப்பது வருஷம் என்பதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் கடைசி நாற்காலியில் விழித்துக்கொண்டு, ஆனால் எதையும் கேட்காமல், கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். நிலம் போய்விட்டால் அவளுக்கு மிச்சம் அந்தப் பட்டையும் தட்டுகளும்தான். 

சந்தை மூட ஒன்பது வாரம் இருந்தபோது ஒருநாள் மண்வெட்டி எடுக்கக் கொட்டகைக்குள் போனாள். கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. காலை எட்டு மணிக்கு டீச்சர் கதவை அகலத் திறந்து வைப்பாள், சாயங்காலம் ஐந்தடித்தால் பூட்டிவிடுவாள். கதவோரம் பலகைக்கு நடுவே கை நுழைகிற இடுக்கு ஒன்று. அந்த இடுக்கின் வழியாக இவள் அவரையிலிருந்து ஒரு கொடி உள்ளே வந்து, மண்வெட்டிக் காம்பில் சுற்றிக்கொண்டிருந்தது. சனியன், இங்கேயும் வந்துவிட்டதா என்று பிடுங்கக் கையை நீட்டினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நுனியில் பூங்கொத்து. ஊதா நிறத்தில் ஏழெட்டு மொட்டு.

வெளியே ஓடினாள். அதே கொடி, அதே வேர். வெளியே இருந்த பாகத்தில் ஒரு மொட்டுகூட இல்லை. மறுபடி உள்ளே வந்தாள். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே விதை. உள்ளே மட்டும் பூக்கிறது என்றால் உள்ளே என்ன இருக்கிறது? மண்வெட்டியும் சாக்கும் இருக்கிறது. அதற்காகவா பூக்கும்? ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து யோசித்தாள். டீச்சர் வந்து, "அம்மா, பூட்டணும், மணி அஞ்சு" என்றாள். கதவு சாத்தினதும் உள்ளே கும்மிருட்டு. வெளியே பார்த்தால் வெயில் பட்டப்பகலாக அடித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் வெயில் காலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அவள் வயலில் வருஷம் பூரா ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

"டீச்சர்!" என்று கத்தினாள். "இதுக்கு இருட்டு பத்தலை! இது ராத்திரின்னு ஒண்ணையே பாக்கலை!"

டீச்சர் திரும்பி நின்றாள். "ஆமாம்மா. பகல் குறைஞ்சு ராத்திரி நீண்டாத்தான் இந்த அவரை பூக்கும். நான் மூணாவது வகுப்புல சொன்னேனே? அந்தந்த ஊர் விதையை இங்க போட்டா பகல் நீளம் ஒத்துக்காதுன்னு."

"சொன்னீங்களா?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"எழுப்பிச் சொல்லக் கூடாதா?"

"எழுப்பினேன். எல்லாம் தெரிஞ்சதுதான்னு சொன்னீங்க."

ஐயோ, அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டே போனாள். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "மண்ணு ஒண்ணுதான்னு நெனச்சேங்க. மேல இருக்கிற சூரியன் வேற சூரியன்னு எனக்குத் தெரியலை. இந்த ஊருக்கு நான் புதுசுதாங்க" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து வரவழைக்க ஒரு அவரைக் கொடி வேண்டியிருந்தது. தையல்காரர் யானைக்கும் அடி சறுக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"டீச்சர் என்ன சொல்றா?"

"தானா பூக்கணும்னா குளிர் காலம் நெருங்கணும். அதுக்குள்ள பனி விழுந்து கருகிடும்னு சொல்றா."

"அப்ப நாமளே ராத்திரியைக் கொண்டுவந்தா என்ன?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை.

"கொட்டகையை அஞ்சு மணிக்குப் பூட்டறாங்க, கொடி ஏமாந்து பூத்துது. நாம கொடிக்கே ஒரு உறை தெச்சுப் போட்டுட்டா? தலகாணிக்குப் போடலை?" என்றார் தையல்காரர்.

துணிக்கு எங்கே போவது? அதற்கு வழி அவளிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் வார்டுத் திரைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பகலில் நோயாளி தூங்குவதற்காகப் போட்டிருந்த தடித்த கறுப்புத் திரைகள், குப்பைக்குப் போகக் காத்துக் கிடந்தன. சலவைப் பிரிவு மேஸ்திரியிடம் கேட்டாள். "எதுக்கும்மா?" என்றார் அவர். "அவரைக்காய் தூங்கறதுக்கு" என்றாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நாலு மூட்டை கட்டிக் கொடுத்தார்.

தையல்காரர் ரிமோட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். மெஷினுக்கு எண்ணெய் விட்டார். முதலில் தோட்டத்துக்கு வந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொடிக்கு அளவெடுத்தார். ஆமாம், மனுஷனுக்கு எடுப்பதுபோலவே உயரம், சுற்றளவு, நீளம் எல்லாம் சொல்லச் சொல்ல அவள் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டாள். "இந்த அம்மாவுக்கு இடுப்பு கொஞ்சம் பெருசு" என்று நடுவரிசையைப் பார்த்துச் சொன்னார். மூன்று நாள் வீட்டில் டிவி சத்தமே இல்லை, மெஷின் சத்தம்தான். இரட்டை மடிப்பு, காற்று வந்தால் தூக்காமல் இருக்க ஓரத்தில் மணல் பை, தலைப்பில் கயிறு. இருந்த துணி மூன்று வரிசைக்குத்தான் போதும். மற்ற வரிசைகளை அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போர்த்த வேண்டும், காலை ஏழு மணிக்கு எடுக்க வேண்டும். ஒருநாள் தப்பினாலும் கொடி மறுபடி குழம்பிப் போகும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காலையில் இவள் ஆஸ்பத்திரியில் தட்டு கழுவிக்கொண்டிருப்பாளே? ஆகவே, சேற்றைக் கண்டால் செருப்பைப் பார்க்கிற அந்த மனுஷன், முதல் பஸ் பிடித்துப் போய்த் திரையை மடித்து வைத்தார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும். சாயங்காலம் இருவருமாகப் போர்த்தினார்கள். அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை.

தோட்டமே கூடிச் சிரித்தது. "முப்பதக்கா, தாலாட்டு பாடலையா?" என்றார்கள். "கொசுவத்தி ஏத்தி வைங்க, பாவம் தூக்கம் கெடும்" என்றார்கள். மிளகாய்க்காரர் மட்டும் சிரித்துவிட்டுப் போகிற போக்கில் மணல் பையைச் சரி பண்ணி வைத்துவிட்டுப் போவார்.

இந்த நேரத்தில்தான் நிலம் கொடுத்த கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. சந்தை மூட ஐந்து வாரம் இருக்கிறது, இதுவரை ஒரு வாரம்கூட விற்பனை இல்லை, இந்த வியாழக்கிழமை நாலு மணிக்குக் கொட்டகையில் விசாரணை, நிலத்தைப் பற்றி அன்றே முடிவு எடுக்கப்படும். மகள் வாசித்து முடித்தாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "நாலு மணிக்கு ஆரம்பிச்சா அஞ்சுக்குள்ள முடிச்சிடுவாங்களா?"

வியாழக்கிழமை காலையில் தையல்காரர் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டார். நடுவரிசையில் மொட்டு. கொட்டகைக்குள் பார்த்தாளே, அதேபோல ஊதா. அவள் ரப்பர் கையுறையோடு போனைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை? எண்ணுங்க" என்றாள். "எண்ணி முடியாது, போனை வை" என்றார் அவர்.

நாலு மணிக்கு நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் அந்த ஊர்ப் பழத்தோட்டக்காரர், நல்லவர், ஆனால் பேச்சு இழுவை. முதலில் இன்னொருவர் வழக்கை எடுத்தார்கள். அதில் வாய்க்கால் தகராறு வேறு. இவள் முறை வரும்போதே மணி நாலே முக்கால். டீச்சர் இவளுக்காகப் பேசினாள், நன்றாகவே பேசினாள். தலைவர் காகிதத்தைப் புரட்டினார்.

"சரிம்மா. ஒரு வாரம்கூட விக்கலை. வரிசையில நாற்பது பேர் நிக்கறாங்க, அவங்களும் உங்களை மாதிரி வீடு வாசலை விட்டு வந்தவங்கதான். நாங்க என்ன பண்றது, சொல்லுங்க."

அவள் கதவைப் பார்த்தாள். வெளியே காற்று பிடித்துக்கொண்டிருந்தது. தையல்காரர் திரையோடு ஒற்றை ஆளாக மல்லுக்கட்டுவது தெரிந்தது. ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை படபடவென்று மேலே போயிற்று.

"மணி என்ன?" என்று கேட்டாள்.

"அஞ்சாகப் போவுது. உங்க பதிலைச் சொல்லுங்க. இப்ப முடிவு எடுத்தாகணும்."

அவள் எழுந்துவிட்டாள். "ஐயா, நிலத்தை நீங்க யாருக்கு வேணா கொடுங்க. தப்பு என்மேலதான், டீச்சர் சொன்னதைக் கேக்காம ஆழம் தெரியாம காலை விட்டேன். ஆனா இன்னிக்குப் பொழுதுக்கு அது என் கொடி. இன்னிக்குத்தான் மொட்டு விட்டிருக்கு. அதை வெளிச்சத்துல முழிக்க வெச்சிட்டு என்னால இங்க உக்கார முடியாது." சொல்லிவிட்டு, யாருடைய அனுமதிக்கும் நிற்காமல் வெளியே ஓடினாள்.

"அம்மா! உக்காருங்கம்மா!" என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

காற்று சாதாரணக் காற்று இல்லை. முதல் வரிசையை மூடினால் இரண்டாவது பறந்தது. மிளகாய்க்காரர் மம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். டீச்சரும் வந்தாள். நாலு பேரின் எட்டுக் கையும் போதவில்லை. அப்போது நடுவரிசையின் முனையை யாரோ வந்து அழுத்திப் பிடித்தார்கள். பார்த்தால் தலைவர். பின்னாலேயே மற்ற இரண்டு கமிட்டிக்காரர்களும் வந்து நின்றார்கள்.

தலைவர் திரையைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து உள்ளே பார்த்தார். மொட்டைத் தொட்டுப் பார்த்தார். "எங்கம்மா செவ்வந்திக்கு இப்படித்தான் துணி போர்த்துவாங்க. சின்னப் பையனா இருந்தப்ப நான் பிடிச்சிருக்கேன்" என்றார். "உங்களுக்கு இதை யாரு சொல்லிக் கொடுத்தா?"

"டீச்சர் சொன்னாங்க, நான் தூங்கிட்டேன். அப்புறம் கொடி சொல்லுச்சு."

"எப்ப காய்க்கும்?"

"பூ விரிஞ்சு இருபது நாள்."

அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். "அப்போ சந்தைக்கு ரெண்டு வாரம்தான் மிச்சம் இருக்கும்."

"ரெண்டுதான். நாலுன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டாள். 

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். ஒருவர் தோளைக் குலுக்கினார், ஒருவர் தலையை ஆட்டினார். "நாலு வாரம்னு எழுதினது நாங்கதான். ரெண்டுன்னு எழுதவும் எங்களுக்கு வரும்" என்றார் தலைவர், அதே இழுவையில். "அடுத்த வருஷமும் நிலம் உங்களுக்குத்தாம்மா. ஆனா ஒண்ணு. பாதியில வேற ஏதாவது போடணும்."

அவள் வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள். "பாதியா? கால்வாசி போடறேன்."

மிளகாய்க்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுமுனையிலிருந்து தையல்காரர் கத்தினார். "அடியே! நிலத்தைத் தூக்கிக் கொடுக்கறாரு, பேரம் பேசறியே! பாதின்னு சொல்லித் தொலை!"

"சரி, பாதி" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சாதாரண அழுகை இல்லை, பதினோரு வருஷத்து அழுகை. துடைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் திரை. தலைவர் பார்க்காததுபோல மணல் பையை நகர்த்தினார், டீச்சர் மூக்கை உறிஞ்சினாள்.

"அழறதெல்லாம் பஸ்ல வெச்சுக்கலாம்" என்றார் தையல்காரர்.  "அந்த முனையை இழு. வெளிச்சம் உள்ள போவுது."